ஜாபிரின் ஒட்டகமும் என் மகனின் வண்டியும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



சில மாதங்களுக்கு முன், இஷா தொழுகைக்குப் பின் கோவையிலிருந்து என் மகன் தொலைபேசியில் அழைத்தான். நலம் விசாரித்து முடித்ததும் சற்றுத் தயங்கினான். பிறகு சொன்னான்: "அத்தா, ஒரு வண்டி பார்த்திருக்கேன். பெரிய எஸ்.யூ.வி. கடன் இல்லை, வட்டியும் இல்லை. லீசுக்குத்தான் எடுக்கிறேன். நீங்க ஒரு தடவை வந்து பேசிக் கொடுக்கணும்."

வட்டி இல்லை என்பதை அவன் முதலிலேயே சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் வண்டி என்ற சொல்லோடு வட்டி என்ற சொல்லும் சேர்ந்தே நினைவுக்கு வரும். அந்தக் கதையைச் சொன்னால்தான் இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி விளங்கும்.

நாங்கள் பிக்கட்டிக்காரர்கள். நீலகிரியில் மஞ்சூரை ஒட்டிய குந்தா பகுதியில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே அமைந்த சிற்றூர் இது. 1950களின் பிற்பகுதியில் கனடா நாட்டு உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் நடந்தபோது, வேலையாட்களுக்கு மளிகை விற்கச் சமவெளியிலிருந்து மலையேறி வந்தவர் என் பாட்டனார். திட்டம் முடிந்தது, வேலையாட்கள் கலைந்தார்கள், கடை நின்றது. படுகர் பெருமக்களோடு மூன்று தலைமுறையாகக் கொடுத்து வாங்கி வாழ்கிறோம்.

1997ஆம் ஆண்டு, பச்சைத் தேயிலையும் காரட், உருளைக்கிழங்கும் ஏற்றிச் செல்ல ஒரு ஜீப் வாங்க விரும்பினேன். கையில் பணம் போதவில்லை. ஒரு நிதி நிறுவனத்தில் ஐந்தாண்டுத் தவணைக்குக் கடன் கேட்டேன். ஜாமீன் கையெழுத்துக்கு அத்தாவை அழைத்தார்கள். அத்தா தாளை வாங்கிப் பார்த்தார், மடித்தார், என்னிடமே திருப்பித் தந்தார். "நான் எழுத மாட்டேன். நீயும் எழுதாதே" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. நான் மாமாவின் கையெழுத்தைப் பெற்று ஜீப்பை எடுத்தேன்.

அந்த ஜீப்பில் அத்தா ஏறவில்லை. கோபித்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. என்னோடு பேசினார், சேர்ந்து உண்டார், என் பிள்ளைகளை மடியில் வைத்துக் கொஞ்சினார். வண்டியில் மட்டும் ஏறவில்லை. ஜனவரி மாதத்து உறைபனியில் புல் வெள்ளையாகக் கிடக்கும் காலைகளிலும் நடந்தே சென்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அவர் நடக்க, நான் பின்னால் ஜீப்பை மெல்ல ஓட்டிச் செல்வேன். கையசைத்து 'நீ முன்னே போ' என்பார்.

1998க்குப் பின் பச்சைத் தேயிலை விலை சரிந்ததை நீலகிரியின் சிறு விவசாயிகள் எவரும் மறக்க மாட்டார்கள். இலை ஏற்றினால் டீசல் செலவுக்குக் கூடத் தேறாத வாரங்கள் வந்தன. தவணைகள் மட்டும் தேதி தவறாமல் வந்தன. தேயிலை விலை குறைந்ததற்காக வட்டி குறையவில்லை. வியாபாரத்தில் நட்டம் இருவருக்கும் வரக்கூடும், வட்டியில் நட்டம் ஒருவருக்கு மட்டுமே என்பதை நான் கற்றது அந்த ஜீப்பின் இருக்கையில்தான்.

2001 ஜனவரியில் ஓர் இரவு அத்தாவுக்கு நெஞ்சுவலி வந்தது. வேறு வண்டி கிடைக்கவில்லை. அவரைத் தூக்கி அந்த ஜீப்பில் கிடத்தினேன். அன்றுதான் அவர் அதில் ஏறினார். பனிமூட்டத்தில் முன்விளக்கு பத்தடிக்கு மேல் எட்டவில்லை. பாதி வழியில் மெல்லிய குரலில் கேட்டார்: "எத்தனை தவணை பாக்கி?" "பதினொன்று, அத்தா" என்றேன். அதன்பின் அவர் எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாட்களில் மருத்துவமனையிலேயே இறைவனடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இந்தக் கதை என் மகனுக்குத் தெரியும். ஆகவேதான் 'லீசுதான்' என்று முதலில் சொன்னான். நான் உடனே ஒப்புக்கொள்ளவுமில்லை, மறுக்கவுமில்லை. "தாள்களை அனுப்பு தம்பி, படிக்கிறேன்" என்றேன்.

ஒரு சொல்லுக்குள் மூன்று பொருள்

தமிழ்நாட்டில் 'லீசு' என்ற சொல் பெரும் குழப்பத்தை உள்ளடக்கியது. தேயிலைத் தோட்டத்தை ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசி எடுத்தால் அது குத்தகை. நகரங்களில் சில லட்சங்களை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திரும்பப் பெறுவதையும் லீசு என்கிறார்கள். அது உண்மையில் ஒத்தி அல்லது போக்கியம். கொடுத்த தொகை கடனாகவே நிற்கிறது, அந்தக் கடனுக்குப் பகரமாக வீட்டின் பயன் கிடைக்கிறது. கடன் ஈட்டித் தரும் பயன் வட்டியின் இனம் என்பதால் இம்முறை கூடாது என்று நம் ஆலிம்கள் பலர் எச்சரித்து வருகிறார்கள். மூன்றாவது, வண்டிச் சந்தையில் சொல்லப்படும் லீசு. அது சில வேளை உண்மையான வாடகை, சில வேளை வாடகை என்ற சட்டையை அணிந்த கடன்.

உண்மையான வாடகைக்கு மார்க்கத்தில் தடையில்லை. இஜாரா என்று ஃபிக்ஹு நூல்கள் அதை விரிவாகப் பேசுகின்றன. மத்யனில் மூஸா (அலை) அவர்கள் எட்டாண்டுகள் ஊழியம் செய்வதென்றும், பத்தாக நிறைவு செய்தால் அது அவர்களுடைய விருப்பம் என்றும் பேசிக்கொண்ட ஒப்பந்தத்தைத் திருக்குர்ஆனின் 28ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. எவ்வளவு காலம், எது கட்டாயம், எது விருப்பம் என்பவை அங்கே தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் வழிகாட்டி ஒருவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். ஒட்டகங்களை அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகளுக்குப் பின் தவ்ர் குகைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அவர் அப்போது முஸ்லிமாகக்கூட இருக்கவில்லை. உயிருக்கு ஆபத்தான அந்த நேரத்திலும் இடமும் நாளும் தெளிவாகப் பேசப்பட்டன.

கணக்கின் உள்ளே

மகன் அனுப்பிய தாளில் பெரிய எழுத்தில் இருந்தது ஒரே ஓர் எண்: மாத வாடகை. வாடகைப் பேச்சில் நாம் முதலில் ஏமாறும் இடம் அதுதான். மாத வாடகை என்பது கடைசியில் வரும் விடை. அதை உண்டாக்கும் எண்கள் வேறு. வண்டியின் விலை என்ன, காலம் முடியும்போது வண்டிக்கு எவ்வளவு மதிப்பு எஞ்சும் என்று எடுத்துக்கொண்டார்கள், காலம் எத்தனை மாதம், நிறுவனத்தின் ஆதாயம் எவ்வளவு என்ற நான்கையும் தனித்தனியே கேட்டு வாங்க வேண்டும்.

விளங்குவதற்காக ஒரு கணக்கு. வண்டியின் விலை 40 லட்சம் ரூபாய், மூன்றாண்டு முடிவில் எஞ்சும் மதிப்பு 20 லட்சம் என்று கொள்வோம். தேய்மானம் 20 லட்சம். அதை 36 மாதங்களுக்குப் பகுத்தால் மாதம் சுமார் 55,556 ரூபாய். நிறுவனத்தின் பணம் சராசரியாக 30 லட்சம் வண்டியில் முடங்கியிருக்கிறது. அதற்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு ஆதாயம் வைத்தால் மாதம் 30,000. ஆக, வரி, காப்பீடு, பராமரிப்பு நீங்கலாக மாத வாடகை 85,556. இப்போது வண்டியின் விலையில் மட்டும் 2 லட்சம் குறையப் பேசினால் தேய்மானம் மாதம் 50,000 ஆகிறது, ஆதாயம் 29,000 ஆகிறது. வாடகை 79,000க்கு இறங்குகிறது. மூன்றாண்டில் மிச்சம் 2 லட்சத்து 36 ஆயிரம். மாத வாடகையில் ஐந்நூறு குறையுங்கள் என்று மன்றாடுபவருக்கு இந்த மிச்சம் கிடைப்பதில்லை.

எஞ்சும் மதிப்பை உயர்த்திக் காட்டினாலும் வாடகை குறையும். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக இருந்தால் அது நமக்கு நன்மை. ஆனால் காலம் முடிந்ததும் அந்த மதிப்புக்கு வண்டியை வாங்கியே ஆக வேண்டும் என்று தாளில் இருந்தால், இன்று குறைந்தது நாளை நம் தலையில் ஏறும்.

நிறுவனம் தன் ஆதாயத்தை வட்டி விகிதத்தை அளவுகோலாக வைத்துக் கணக்கிட்டால் வாடகை ஹராமாகிவிடுமா என்று மகன் கேட்டான். எங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கொண்டு சென்றோம். அளவுகோல் மட்டுமே ஒப்பந்தத்தின் தன்மையை மாற்றிவிடாது என்றும், வாடகைத் தொகை முன்கூட்டியே அறியப்பட்டதாக இருந்து ஒப்பந்தமும் மெய்யான வாடகையாக இருந்தால் கூடும் என்பது இக்கால ஃபிக்ஹு அறிஞர்கள் பலரின் கருத்து என்றும் சொன்னார். "ஆகவே எண்ணைப் பார்த்து அஞ்ச வேண்டாம். ஷரத்துகளைப் பாருங்கள்" என்றார்.

வரியையும் மறந்துவிடக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய வகைக் கார்களுக்குச் சரக்கு சேவை வரி 40 விழுக்காடு. வாடகைக்குத் தந்தாலும் பொதுவாக அதே விகிதம்தான். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் சாலை வரி 20 விழுக்காடு. இவற்றில் எது வாடகைக்குள் அடங்கியது, எது வெளியே நிற்கிறது என்பதை எழுத்தில் பெற வேண்டும்.

அவிநாசிச் சாலையில் ஒரு பிற்பகல்

ஒரு சனிக்கிழமை காலை கெத்தை வழியாகக் கீழே இறங்கினேன். மஞ்சூரிலிருந்து இறங்கும் அந்தச் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். யானைகள் குறுக்கிடும் காடு. இன்ஜினுக்கும் பிரேக்குக்கும் அந்தச் சாலை வைக்கும் தேர்வை எந்த ஷோரூம் வாசலும் வைக்காது.

அவிநாசிச் சாலையில் வண்டி பளபளவென்று நின்றது. மகன் அதைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வைதான். 1997இல் என் கண்ணிலும் அது இருந்தது. ஆகவே அவனைக் கடிந்துகொள்ள எனக்கு நாவெழவில்லை.

லீசு நிறுவனத்தின் சார்பில் வந்த இளைஞர் மரியாதையானவர். தேநீர் வரவழைத்தார். நான் ஒப்பந்தத்தின் மாதிரியைக் கேட்டு வாங்கி வரி வரியாகப் படித்தேன். ஐந்து இடங்களில் நின்றேன்.

ஒன்று, காலம் முடிந்ததும் குறித்த தொகைக்கு வண்டியை வாங்கியே தீர வேண்டும். இரண்டு, வண்டி நம் கைக்கு வரும் நாளிலிருந்து அல்ல, நிறுவனம் விற்பனையாளருக்குப் பணம் செலுத்திய நாளிலிருந்து வாடகை தொடங்கும். மூன்று, வண்டி விபத்தில் முற்றாக அழிந்தாலும் மீதி மாதங்களின் வாடகையை முழுவதும் செலுத்த வேண்டும். நான்கு, காப்பீடு, பழுது எல்லாம் வாடகைக்கு எடுத்தவர் பொறுப்பு. ஐந்து, தவணை தாமதித்தால் நிலுவைக்கு மாதம் இத்தனை விழுக்காடு.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. இது வாடகையா, கடனா?" என்றேன்.

அவர் சற்றே சிரித்தார். "பேரு லீசு, பாய். உள்ளே லோன்தான்" என்றார்.

அந்த நேர்மைக்காக அவருக்கு நன்றி சொன்னேன். மகன் முகம் வாடியது. அவனுக்கு இஜாராவின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொன்னேன். பொருள் யாருடையதோ அவரே அதன் நட்டத்துக்கும் பொறுப்பு. பயன் யாருடையதோ அவர் வாடகை தருகிறார். பயன் கிடைக்காத நாளுக்கு வாடகை இல்லை. 2000ஆம் ஆண்டு ரியாத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமியும், உரிமை மாற்றத்தில் முடியும் வாடகைகளைப் பற்றி ஆராய்ந்து இவ்வகையான எல்லையைத்தான் வகுத்தது. ஒரே பொருளின் மீது ஒரே நேரத்தில் வாடகையும் விற்பனையும் பின்னிக் கிடக்கலாகாது. வாடகை பெயரளவுக்கு இல்லாமல் மெய்யாக இருக்க வேண்டும். பொருளின் நட்டப் பொறுப்பு உரிமையாளருடையதாக இருக்க வேண்டும்.

நம் நாட்டில் இதற்கென்று தனி வங்கி இல்லை. 2008இல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. 2017இல் ரிசர்வ் வங்கி அத்திட்டத்தை மேற்கொண்டு தொடர்வதில்லை என்று தெரிவித்துவிட்டது. பாகிஸ்தானிலும் மலேசியாவிலும் வங்கிகளே கார்களை இஜாரா முறையில் தருகின்றன. இங்கே நாம் பொதுச் சந்தையில் கிடைக்கும் தாள்களில் தேடிப் பொறுக்கத்தான் வேண்டும்.

வெள்ளைப் பலகையும் கருப்புப் பலகையும்

இரண்டு வாரங்களில் வேறு மூன்று நிறுவனங்களின் தாள்களைப் பெற்றோம். அவற்றில் ஒன்று இரண்டு வகை தந்தது. முதல் வகையில் வண்டி நம் பெயரிலேயே பதிவாகும், எண் பலகை வெள்ளை, ஆர்.சி.யில் நிறுவனத்துக்கு ஈடு என்ற குறிப்பு ஏறும். இரண்டாம் வகையில் வண்டி நிறுவனத்தின் பெயரில் நிற்கும். காப்பீடு, பராமரிப்பு அவர்கள் பொறுப்பு. காலம் முடிந்ததும் சாவியைத் திருப்பித் தந்துவிடலாம், வாங்கும் கட்டாயம் இல்லை. எண் பலகை கருப்பு, எழுத்து மஞ்சள். நாமே ஓட்டிச்செல்லும் வாடகை வண்டிகளுக்கு உரிய பலகை அது.

மகனுக்கு வெள்ளைப் பலகை வேண்டியிருந்தது. "கருப்புப் பலகைன்னா வாடகை வண்டின்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும் அத்தா" என்றான்.

"வாடகை வண்டிதானே தம்பி?" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. நானும் மேலே பேசவில்லை. அவனுக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி? அத்தாவின் சொல்லை மீறியவன் நான். ஆனால் அந்தக் கேள்வி எங்கள் இருவரையும் சில நாட்கள் உறங்கவிடவில்லை. மார்க்கத்துக்கு நெருக்கமான ஒப்பந்தம் எதுவோ, அதில்தான் பெருமைக்கு இடமில்லாத பலகை இருந்தது. பெருமை கொடுக்கும் பலகையில் கடனின் வாடை இருந்தது.

நான்காம் நாள் அவனே அழைத்தான். "கருப்புப் பலகையே எடுத்துக்கலாம் அத்தா. ஆனா அவ்வளவு பெரிய வண்டி வேண்டாம். நம்ம ஊர்ச் சந்துல அது திரும்பாது. கீழேயே நிறுத்திட்டு நடந்து வரணும்" என்றான். சந்தைச் சொன்னானா, சம்பளத்தைச் சொன்னானா என்று நான் கேட்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

பேரம்

பிறகு பேரம் பேசினோம். பேரம் பேசுவது நம் கண்ணியத்துக்குக் குறைவு என்று எண்ணுபவர்கள் ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்தை நினைவுகூர வேண்டும். ஒரு பயணத்திலிருந்து திரும்பும்போது அவர்களின் ஒட்டகம் சோர்ந்து பின்தங்கியது. நபி (ஸல்) அவர்கள் அதைத் தட்டி ஓட்ட, அது விரைந்து நடக்கத் தொடங்கியது. அதை ஓர் ஊக்கியாவுக்கு விற்கும்படி நபியவர்கள் கேட்டார்கள். ஜாபிர் முதலில் மறுத்தார், பிறகு இசைந்தார், ஊர் சேரும்வரை தானே ஏறிச் செல்வேன் என்று ஒரு நிபந்தனையும் வைத்தார். நபியவர்கள் அதை ஏற்றார்கள். மதீனா வந்ததும் பேசியதைவிடச் சற்றுக் கூடுதலாகவே நிறுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். ஜாபிர் திரும்பிச் செல்ல, அழைத்து ஒட்டகத்தையும் பணத்தையும் அவரே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது.

இதில் எனக்குப் பிடித்தது முடிவு மட்டுமன்று. விலை பேசப்பட்டது, மறுக்கப்பட்டது, நிபந்தனை வைக்கப்பட்டது, எல்லை குறிக்கப்பட்டது. எதுவும் மங்கலாக விடப்படவில்லை. கொடுக்கும் நேரத்தில் மட்டும் தாராளம். நாமோ பல வேளைகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பேசும்போது 'பரவாயில்லை, பார்த்துக்கலாம்' என்று மங்கலாக விடுகிறோம், கொடுக்கும்போது சண்டையிடுகிறோம்.

வட்டியை உண்பவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், சாட்சியாளர் இருவர் ஆகிய அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்த செய்தியை முஸ்லிமில் அறிவிப்பவரும் இதே ஜாபிர்தாம். உஹதில் ஷஹீதான தந்தை விட்டுச் சென்ற கடனைச் சுமந்தவர் அவர். அத்தா ஏன் அன்று தாளை மடித்துத் தந்தார் என்பது, அந்த ஹதீஸை ஆலிம் ஒருவர் விளக்கக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. அதற்குள் அவர் மண்ணுக்குள் சென்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

எங்கள் பேரத்தில் கிடைத்தவற்றைச் சொல்கிறேன். யாருக்கேனும் பயன்படலாம். மாதக் கடைசியில் சென்றோம், விற்பனை இலக்கை எட்ட வேண்டியவர்கள் அப்போது இறங்கி வருவார்கள். முந்தைய ஆண்டுத் தயாரிப்பு வண்டி ஒன்று இருப்பில் இருந்தது. திருப்பிக் கொடுக்கப்போகும் வண்டிக்குத் தயாரிப்பு ஆண்டு நமக்குப் பெரிதல்ல, ஆகவே அதைக் கேட்டு விலையைக் குறைத்தோம். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் என்றிருந்த வரம்பை 20,000 ஆக்கினோம். மாதந்தோறும் மலையேறுபவனுக்கு அது அவசியம். இல்லாவிட்டால் முடிவில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் கட்டணம். 'இயல்பான தேய்மானம்' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டோம். மலைச்சாலையில் பிரேக்கும் டயரும் சமவெளியைவிட விரைவில் தேயும். அவை பராமரிப்புக்குள் அடங்கும் என்பதை எழுத்தில் பெற்றோம். வாடகை, வண்டி கையில் வந்த நாளிலிருந்து. வண்டி முற்றாக அழிந்தால் ஒப்பந்தம் அத்துடன் முடியும். இடையில் திருப்பிக் கொடுத்தால் ஆறு மாத வாடகை என்றிருந்தது இரண்டு மாதமாகக் குறைந்தது. வண்டியைப் பெறும் நாளில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டோம்.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. தாமதக் கட்டணத்தை நீக்க அவர்கள் ஒப்பவில்லை. விழுக்காட்டை எடுத்துவிட்டு, ஒரு முறைக்கு இவ்வளவு என்று நிலையான தொகையாக மாற்றினார்கள். ஆலிமிடம் மீண்டும் சென்றோம். அவர் அதையும் விரும்பவில்லை. உரிமையாளர் தாமதத்தைக் கொண்டு வருவாய் ஈட்டுவது சரியன்று என்றார். வேறு வழியில்லாத சந்தையில், ஒருபோதும் தாமதிக்க மாட்டோம் என்ற உறுதியும் ஏற்பாடும் உள்ளவர் கையெழுத்திடலாம் என்று சிலர் கூறுகின்றனர், வேறு சிலர் அதையும் தவிர்க்கச் சொல்கின்றனர் என்று இரண்டையும் மறைக்காமல் எடுத்துச் சொன்னார். மகன் மூன்று மாத வாடகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்து, தேதிக்கு முன்பே தானாகச் செல்லும்படி ஏற்பாடு செய்த பிறகே கையெழுத்திட்டான். அந்த ஒரு ஷரத்து இன்னும் என் மனத்தில் முள்ளாகத்தான் இருக்கிறது. அதை மறைத்து எல்லாம் தூய்மை என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

கடைசியில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்த பின், பழக்கதோஷத்தால் நான் இன்னொரு ஐந்நூறு குறைக்கச் சொன்னேன். அந்தப் பிரதிநிதி தலையைக் குனிந்து கணக்குப் பார்த்தார். மகன் என் கையைத் தொட்டான். "போதும் அத்தா. அவருக்கும் ஒரு வீடு இருக்கும்" என்றான். விற்கும்போதும் வாங்கும்போதும் பாக்கியைக் கேட்கும்போதும் இலகுவாக நடப்பவருக்காக நபி (ஸல்) அவர்கள் இறையருளை வேண்டினார்கள் என்பதை நான் அவனுக்குச் சிறுவயதில் சொல்லிக் கொடுத்திருந்தேன். அன்று அவன் எனக்கு நினைவூட்டினான்.

மலையேறிய நாள்

வண்டி எடுத்த வாரமே மகன் பிக்கட்டிக்கு வந்தான். மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாக ஏறி, அஸருக்குச் சற்று முன் வாசலில் நிறுத்தினான். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் படுகர் பெரியவர் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பலகையைக் கண்டதும் கேட்டார்: "என்ன தம்பி, வாடகை வண்டியா?"

நான் மகனைப் பார்த்தேன்.

"ஆமாங்க, வாடகைதான். மூணு வருஷத்துக்கு" என்றான் அவன். குரலில் கூச்சம் இல்லை.

"நல்லது. என் தோட்டமும் குத்தகைக்குத்தான் விட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் உள்ளே போனார்.

மகன் முன்கதவைத் திறந்து, "ஏறுங்க அத்தா, பள்ளிக்குப் போகலாம்" என்றான். ஏறி அமர்ந்தேன். அத்தா நடந்து சென்ற அதே சாலை. வளைவில் அவர் கையசைக்கும் இடத்தைக் கடந்தபோது, என்னையறியாமல் கேட்டேன்: "எத்தனை தவணை பாக்கி, தம்பி?"

"தவணை இல்லை அத்தா. இந்த மாச வாடகை கொடுத்தாச்சு" என்றான்.

அத்தாவிடம் அன்று இப்படி ஒரு பதிலைச் சொல்ல முடியாமற் போனேன். அவருக்காக நான் செய்யும் துஆவில் இப்போது மன்னிப்பும் சேர்ந்திருக்கிறது. வண்டி வாங்கும் எண்ணத்தில் இருக்கும் இளைஞர்களே, தாளில் கையெழுத்திடுமுன் ஒருமுறை முழுவதும் படியுங்கள், தெரிந்தவரிடம் கேளுங்கள். உங்கள் வீட்டில் தாளை மடித்துத் திருப்பித் தரும் பெரியவர் இன்னும் உயிரோடு இருந்தால், ஏன் என்று அருகில் அமர்ந்து கேளுங்கள். நான் கேட்கவில்லை.

யா அல்லாஹ், நீ அனுமதித்ததைக் கொண்டு, நீ தடுத்ததைவிட்டும் எங்களைத் தேவையற்றவர்களாக ஆக்குவாயாக. எங்களுக்கு முன் சென்றவர்களின் மண்ணறைகளை விசாலமாக்குவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.